திரையில் ஒரு 12 சதவீதம்: முதுகெலும்பு அறுவை சிகிச்சையின் சிக்கல்களை இயந்திரம் கணிக்கும் விதம்

முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் டாக்டர் தன் கணினித் திரையை நோயாளியின் பக்கம் திருப்புகிறார். வயது 67. சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். புகைப்பவர். இடுப்புப் பகுதியில் திருகு வைத்து எலும்புகளை இணைக்க வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொரு பெட்டியாக நிரப்பி முடித்ததும் திரையின் அடியில் ஓர் எண் வந்து நிற்கிறது: 12 சதவீதம். அறுவை சிகிச்சை முடிந்து 30 நாட்களுக்குள் ஏதாவது ஒரு சிக்கல் வருவதற்கான வாய்ப்பு அது. பார்த்ததும் நோயாளி கேட்கிறார்: "அப்போ நான் அந்தப் பன்னிரண்டு பேர்ல ஒருத்தனா டாக்டர், இல்ல மீதி எண்பத்தெட்டுலயா?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்த எண்ணிடம் இதற்குப் பதில் கிடையாது. அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான்: உங்களைப் போன்றவர்களாக இதுவரை வந்த நூறு பேரில் சுமார் பன்னிரண்டு பேருக்குச் சிக்கல் வந்திருக்கிறது. இந்த ஒரு வரியிலேயே இடறிவிழ மூன்று இடங்கள் இருக்கின்றன. 'உங்களைப் போன்றவர்கள்' என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? 'சிக்கல்' என்று யார், எதைக் குறித்து வைத்தார்கள்? 'இதுவரை' என்றால் எந்த ஊரில், எந்த வருடங்களில்? பழைய தரவைப் பார்த்துக் கணிக்கக் கணினி தானே கற்றுக்கொள்ளும் மெஷின் லேர்னிங் பற்றிய பேச்சு பெரும்பாலும் எந்த அல்காரிதம் கெட்டிக்காரத்தனமானது என்பதையே சுற்றிவருகிறது. என்னைக் கேட்டால், இந்த மூன்றையும் கிளறிப் பார்ப்பது அதைவிடப் பயனுள்ள வேலை.

முதலில் சிக்கல் என்றால் என்னவென்று பார்ப்போம். பிதுங்கிய டிஸ்க்கில் ஒரு துண்டை எடுத்துவிட்டு மறுநாளே வீட்டுக்கு அனுப்புவதும் முதுகெலும்பு அறுவை சிகிச்சைதான். வளைந்துபோன முதுகில் பத்துப் பன்னிரண்டு எலும்புகளுக்குத் திருகும் கம்பியும் பொருத்தி, மணிக்கணக்கில் போராடி நிமிர்த்துவதும் அதுதான். வரக்கூடிய சிக்கல்களும் ஒரு ரகமல்ல. காயத்தில் தொற்று, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறை கிழிந்து நீர் கசிவது, உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்துவது, காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது, நிமோனியா, சிறுநீர்த் தொற்று, வயதானவர்களுக்குச் சில நாட்கள் புத்தி தடுமாறுவது. இவை முதல் சில நாட்களில், வாரங்களில் தலைகாட்டிவிடும். இன்னொரு கூட்டம் ஆற அமர வரும். இணைத்த எலும்புகள் ஒட்டாமலே கிடப்பது, திருகு தளர்வது, கம்பி முறிவது, இணைத்த பகுதிக்கு மேலே இருக்கும் எலும்பு முன்பக்கம் சாய்ந்து மறுபடி கூன் விழுவது. இவை தெரியவர மாதங்கள் ஆகும், சில சமயம் வருடங்கள்.

திரையில் இருந்தது 30 நாள் கணக்கு. அதாவது இந்த இரண்டாவது கூட்டத்துக்கு அந்த 12 சதவீதத்தில் இடமே இல்லை. உடம்பு முப்பதாம் நாளில் எந்தக் கோடும் போட்டுக்கொள்வதில்லை. தரவு சேகரிப்பவர்கள் அந்த நாளோடு நோயாளியைத் தேடுவதை நிறுத்திக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டி அனுப்பினால், எட்டாம் மாதம் தளர்ந்த திருகோடு திரும்பி வருகிறவருக்கு யாரோ தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

பெட்டிகளின் கதை

ஆபத்தை எண்ணாக்கும் பழக்கம் கணினியோடு வந்ததல்ல. மயக்க மருந்து மருத்துவர்கள் பயன்படுத்தும் ஏ.எஸ்.ஏ. தரவரிசை 1941இல் தோன்றியது. ஆரோக்கியமானவருக்கு 1, உயிருக்கே ஆபத்தான நோய் உள்ளவருக்கு 4 என்று போகும். எளிமைதான் அதன் பலம். பலவீனமும் அதுதான்: ஒரே நோயாளிக்கு ஒரு மருத்துவர் 2 போடுவார், பக்கத்து அறையில் இருப்பவர் 3 போடுவார். 1987இல் மேரி சார்ல்சனும் அவருடைய சகாக்களும் ஒருவருக்கு இருக்கும் மற்ற நோய்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதுவும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது.

அடுத்த பெரிய தாவல் தரவு வங்கிகளால் வந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி நடத்தும் என்.எஸ்.கியூ.ஐ.பி. என்ற தேசியத் தர மேம்பாட்டுத் திட்டத்தில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டி, 30 நாட்களுக்குள் என்ன நடந்தது என்று குறித்து வைக்கிறார்கள். 393 மருத்துவமனைகளிலிருந்து சேர்ந்த 14 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2013இல் ஒரு கணிப்பானை வெளியிட்டார்கள். செய்யப்போகும் அறுவை சிகிச்சையின் குறியீட்டோடு சுமார் இருபது தகவல்களைக் கொடுத்தால் போதும், ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு சதவீதம் வந்துவிடும். முதுகெலும்புக்கென்றே செய்யப்பட்ட மாதிரிகளில், அதாவது தரவிலிருந்து கற்று ஆபத்தைக் கணிக்கும் நிரல்களில், நிறைய இந்த வங்கியின் தரவைக் குடித்து வளர்ந்தவை.

அந்தப் பெட்டிகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். புகை. அதில் கேட்கப்படுவது, கடந்த ஓராண்டுக்குள் சிகரெட் புகைத்ததுண்டா என்பது. ஆம் அல்லது இல்லை, இரண்டே பதில். ஒருவர் இருபது வருடமாக நாளைக்கு இரண்டு பாக்கெட் புகைக்கிறார், அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவும் புகைத்தார். இன்னொருவர் பத்து மாதங்களுக்கு முன்பே அடியோடு நிறுத்திவிட்டார். பெட்டியில் இருவரும் 'ஆம்'. எலும்பு ஒட்டுவதை நிகோட்டின் தடுக்கும் என்று முதுகெலும்பு மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரியும்; ஆனால் இயந்திரத்துக்கு இந்த இருவரும் ஒரே ஆள். சர்க்கரையும் அப்படித்தான். இல்லை, மாத்திரை, இன்சுலின் என்று மூன்று நிலைகள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 6.8ஆ, 10.5ஆ என்று யாரும் கேட்பதில்லை. 'உங்களைப் போன்றவர்கள்' என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படி எவ்வளவோ மழுங்கிப்போயிருக்கிறது.

இயந்திரம் கற்றுக்கொள்வது எதை

இந்த வேலைக்குப் பழைய கருவி லாஜிஸ்டிக் ரிக்ரெஷன். ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எடை போட்டு, எல்லாவற்றையும் கூட்டி, கூட்டுத்தொகையை 0க்கும் 100க்கும் இடையில் ஒரு சதவீதமாக மாற்றும். எடைகளைப் பார்த்தாலே எதனால் இந்த எண் வந்தது என்று புரிந்துவிடும். அதன் குறை, யாராவது சொல்லிக்கொடுத்தால் ஒழிய அது தகவல்களைத் தனித்தனியாகவே எடைபோடும் என்பது. லியோ பிரைமன் 2001இல் வெளியிட்ட ரேண்டம் ஃபாரஸ்ட், 2016இல் வந்த எக்ஸ்.ஜி.பூஸ்ட் போன்றவை கேள்விகளைக் கிளைகிளையாகக் கேட்டுக்கொண்டு போகும். வயது எழுபதுக்கு மேலா? ஆமாம் என்றால், ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவா? அப்படியும் என்றால், எத்தனை எலும்புகளை இணைக்கிறார்கள்? எழுபது வயது என்பது தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். ஊட்டக்குறைவோடும் நீண்ட அறுவை சிகிச்சையோடும் சேரும்போது அதன் முகமே மாறலாம். இப்படிப்பட்ட கூட்டணிகளை நூற்றுக்கணக்கான கேள்வி மரங்கள் தாமாகவே கண்டுபிடிக்கும். மூளையின் நரம்பு வலையைப் பார்த்து அமைத்த நியூரல் நெட்வொர்க்கும் இதையே வேறு வழியில் செய்கிறது.

அப்படியானால் புதியவை பழையதை ஓட ஓட விரட்டியிருக்க வேண்டுமே? நடக்கவில்லை. இடுப்பு முதுகெலும்பு இணைப்பு செய்துகொண்ட 22 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவில், இதயச் சிக்கல், ரத்தக்கட்டு, காயச் சிக்கல், இறப்பு ஆகியவற்றைக் கணித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வந்தது. நியூரல் நெட்வொர்க், லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் இரண்டுமே ஏ.எஸ்.ஏ. தரவரிசையை முந்தின. ஆனால் ஒன்றையொன்று பெரிதாக முந்தவில்லை. அடுத்த ஆண்டு, மருத்துவத்தின் பல துறைகளிலிருந்தும் 71 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, ஒழுங்காக நடத்தப்பட்ட ஒப்பீடுகளில் மெஷின் லேர்னிங்குக்கு லாஜிஸ்டிக் ரிக்ரெஷனைவிட ஆதாயம் எதுவும் தெரியவில்லை என்றே முடித்தது. மேலே சொன்ன கணிப்பானைச் செய்தவர்களே பிறகு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் எக்ஸ்.ஜி.பூஸ்ட்டை ஓட்டிப் பார்த்தார்கள். முன்னேற்றம் இருந்தது, ஆனால் தலைகீழ் மாற்றம் எதுவும் இல்லை.

இதில் வியக்க ஒன்றுமில்லை. வயது, எடை, சர்க்கரை, புகை என்று இருபது பெட்டிகளில் அடங்கியிருக்கும் சேதி அவ்வளவுதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

சட்டியில் வேறு எதையாவது போட்டால் கதை மாறுகிறது. படங்கள் ஓர் உதாரணம். அறுவை சிகிச்சைக்கு முன்னால் எப்படியும் சி.டி. ஸ்கேன் எடுக்கிறவர்கள் நிறைய. அந்தப் படத்திலேயே ஒவ்வொரு முள்ளெலும்பின் அடர்த்தியையும் அளந்துவிடலாம். ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்று பெயர். எலும்பு நொய்ந்துபோயிருந்தால் திருகு பிடிமானம் இல்லாமல் தளரும். ஆனால் ஸ்கேன் அறிக்கையில் டிஸ்க் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்று எழுதுவார்களே தவிர, எலும்பின் அடர்த்தியை வழக்கமாக எழுத மாட்டார்கள். எலும்புகளைத் தானாகவே பிரித்துக் குறித்து, ஒவ்வொன்றின் அடர்த்தியையும் சில நிமிடங்களில் எடுத்துத் தரும் வேலையை, பல அடுக்கு நியூரல் நெட்வொர்க்குகளான ஆழ்கற்றல் மாதிரிகள் இப்போது நன்றாகவே செய்கின்றன. யாருக்கும் அலுக்கும் அந்த வேலைதான், என் கணிப்பில், இந்தத் துறைக்கு இயந்திரம் செய்யும் உருப்படியான உபகாரம்.

யார் எழுதி வைத்தார்கள்

இன்னொரு உதாரணம் எழுத்து. அது நேராக இரண்டாவது கேள்விக்குக் கொண்டுபோய் விடுகிறது.

தண்டுவட உறை கிழிவதை எடுத்துக்கொள்வோம். ஒரு மருத்துவர் அறுவைக் குறிப்பில் எழுதுகிறார்: 'உறையில் சிறு கிழிசல், தையல் போடப்பட்டது, கசிவு இல்லை.' இன்னொருவர் அதே அளவு கிழிசலைத் தைத்து முடித்துவிட்டு, நோயாளிக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே என்று எழுதாமலே விட்டுவிடுகிறார். மூன்றாமவர் குறிப்பில் எழுதுகிறார், ஆனால் பில் போடுவதற்கான குறியீடுகளில் அது ஏறவில்லை. மூன்று பேரின் நோயாளிகளும் தரவு வங்கிக்குள் போகிறார்கள். இயந்திரத்தின் கண்ணில் கைப்பழக்கம் சரியில்லாதவர் யார்? நேர்மையாக எழுதிய முதலாமவர்!

மேற்பார்வையோடு கற்கும் எந்த மாதிரியும் விடைத்தாளை வைத்துத்தான் கற்கிறது. விடைத்தாளே பிழையாக இருந்தால், பிழையைத்தான் சுத்தமாக மனப்பாடம் செய்யும். அறுவைக் குறிப்புகளை அப்படியே வாசித்து இந்தக் கிழிசலைக் கண்டுபிடிக்கும் ஒரு மாதிரியைப் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். பில் குறியீடுகள் தவறவிட்ட பலவற்றை அது பிடித்தது. மூன்றாமவர் இதனால் மாட்டிக்கொள்வார். இரண்டாமவர் தப்பித்துக்கொண்டேதான் இருப்பார். எழுதாததை எந்த இயந்திரமும் வாசிக்காது.

காலக் குழப்பம் என்று ஒன்று உண்டு, அது இதைவிடக் கள்ளத்தனமானது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் பயன்படுத்தப்போகும் மாதிரி என்று சொல்லிவிட்டு, பயிற்சித் தரவில் அறுவை எத்தனை மணி நேரம் நடந்தது, எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், எத்தனை நாள் படுத்திருந்தார் என்பதையெல்லாம் சேர்த்துவிடுவார்கள். மதிப்பெண் பிரமாதமாக வரும். வராமல் எப்படி இருக்கும்? பத்து நாள் படுக்கையில் கிடந்தவருக்கு ஏதோ சிக்கல் என்று சொல்ல மெஷின் லேர்னிங் எதற்கு? ஐந்தாம் நாள் புதிதாக ஓர் ஆன்டிபயாடிக் எழுதப்பட்டிருக்கிறது என்ற தகவல் உள்ளே நழுவிவிட்டால் போதும், மாதிரி தொற்றை 'முன்கூட்டியே' கண்டுபிடிக்கும். டாக்டர் கண்டுபிடித்து மருந்தும் எழுதிய பிறகு. ஒரு கட்டுரையில் மதிப்பெண்ணாக 0.95 போன்ற எண் கண்ணில் பட்டால் நான் முதலில் தேடுவது இப்படி ஏதாவது உள்ளே புகுந்திருக்கிறதா என்பதைத்தான்.

98 சதவீதத் துல்லியம் என்ற வித்தை

அந்த 0.95 என்ன என்று சொல்லாமல் தாண்டிவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு.

1,000 பேருக்கு அறுவை சிகிச்சை, அதில் 20 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். 'யாருக்கும் வராது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஒரு மாதிரி இருந்தால் அதன் துல்லியம் 98 சதவீதம். ஒருவரைக்கூடக் காப்பாற்றாத 98. இப்போது இன்னொரு மாதிரி. தொற்று வரப்போகிறவர்களில் 70 சதவீதம் பேரைப் பிடிக்கும்; வராதவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும். 20 பேரில் 14 பேர் பிடிபடுவார்கள். மீதி 980 பேரில் 196 பேருக்கு வீணாக மணியடிக்கும். மொத்தம் 210 எச்சரிக்கைகள், அதில் உண்மையானவை 14. அதாவது பதினைந்தில் ஒன்று. இதன் துல்லியம் 79.8 சதவீதம்தான், முதல் மாதிரியைவிடக் குறைவு. ஆனால் உருப்படியானது இதுதான்.

உருப்படியானதா என்பதுகூட, மணியடித்தபின் என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. 210 பேரையும் வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் போனில் கூப்பிட்டு, காயம் சிவந்திருக்கிறதா, கசிகிறதா என்று கேட்கப்போகிறோம் என்றால் 196 வீண் அழைப்புகள் ஒன்றும் பெரிய நஷ்டமில்லை. 210 பேருக்கும் அறுவை சிகிச்சையையே மறுக்கப்போகிறோம் என்றால் 196 பேருக்கு அநியாயம் செய்கிறோம். மாதிரி ஒன்றே. இப்படி, எடுக்கப்போகும் முடிவோடு சேர்த்துத்தான் ஒரு மாதிரியை மதிப்பிட வேண்டும் என்பதற்கென்றே 2006இல் முடிவு வளைவுப் பகுப்பாய்வு என்ற முறை வந்தது. அது இல்லாமல் வெளியாகும் ஆய்வுகள் இன்னும் ஏராளம்.

சரி, 0.95. ஏ.யூ.சி. என்ற அளவு அது. சிக்கல் வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் குருட்டாம்போக்கில் எடுத்து நிறுத்தினால், வந்தவருக்கு மாதிரி அதிக மதிப்பெண் கொடுத்திருக்க எவ்வளவு வாய்ப்பு? 0.5 என்றால் காசு சுண்டிப்போடுவதற்குச் சமம், 1 என்றால் ஒருபோதும் தவறாது. முதுகு வளைவைச் சரிசெய்யும் பெரிய அறுவை சிகிச்சைகளில் பெரும் சிக்கல்களைக் கணிக்கும் ஒரு மாதிரி 2017இல் 0.89 காட்டியது. நல்ல எண். ஆனால் அது 557 பேரின் தரவில் உருவாகி, அதே குழுவின் தரவிலேயே சோதிக்கப்பட்டது. இப்படிச் சொந்த வீட்டில் வாங்கிய மதிப்பெண்ணை வெளியூருக்கு எடுத்துப்போனால் சில்லறை குறைவது சகஜம்.

அதோடு, ஏ.யூ.சி. வரிசையைத்தான் பார்க்கும், அளவைப் பார்க்காது. எல்லோருடைய ஆபத்தையும் இரண்டு மடங்காக்கிச் சொன்னாலும் அது அசையாது; யார் முன்னால், யார் பின்னால் என்பது மாறவில்லையே. ஆனால் திரையைப் பார்க்கிற அந்த நோயாளிக்கு 6 சதவீதமும் 12 சதவீதமும் ஒன்றா? 12 சதவீதம் என்று சொல்லப்பட்ட நூறு பேரில் உண்மையிலேயே பன்னிரண்டு பேர் அளவுக்குத்தான் சிக்கல் வருகிறதா என்று பார்ப்பது வேறு சோதனை. அளவுப் பொருத்தம் என்று சொல்லலாம். நோயாளியிடம் எண்ணாகச் சொல்லப்போகும் எதற்கும் இந்தச் சோதனைதான் முதலில் வேண்டும், கடைசியில் செய்யப்படுவதும் இதுதான். அபூர்வமான சிக்கல்களில் இன்னொரு கூத்து நடக்கும். 20 பேர் மட்டும் இருக்கிறார்களே, இயந்திரம் கற்றுக்கொள்ளாதே என்று அவர்களைப் பிரதியெடுத்துப் பெருக்கி, பாதிக்குப் பாதி ஆக்கிப் பயிற்சி கொடுப்பார்கள். இப்படிச் செய்தால் ஏ.யூ.சி. கூடுவதில்லை, சொல்லப்படும் ஆபத்து மட்டும் கன்னாபின்னாவென்று ஏறிவிடுகிறது என்று 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. பழக்கம் இன்னும் போகவில்லை.

வெளியூர்

'இதுவரை' என்ற மூன்றாவது சொல் இங்கே வருகிறது. முதுகெலும்புக்கு வெளியே இருந்து இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன், ஏனென்றால் பாடம் அங்கேதான் பட்டவர்த்தனமாக இருக்கிறது. எபிக் நிறுவனத்தின் மருத்துவப் பதிவு மென்பொருளோடு சேர்ந்து அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தது, தொற்றுக்கு உடம்பு தறிகெட்டு எதிர்வினை காட்டி உறுப்புகளே பாதிக்கப்படும் செப்சிஸ் நிலையைக் கணிக்கும் ஒரு மாதிரி. மிஷிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளில் அதைச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். ஏ.யூ.சி. 0.63. செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டிருந்தது. இன்னொன்று 2018இல். மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய ஒரு மாதிரி, படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருந்தது. நிமோனியா அதிகமுள்ள மருத்துவமனையின் படம் என்றால் பாதி விடை கிடைத்துவிட்டதே!

முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் இந்த ஆபத்து இன்னும் கூட. ஒரே வியாதிக்கு ஒரு மருத்துவர் நரம்பின் மேலுள்ள அழுத்தத்தை மட்டும் எடுப்பார், இன்னொருவர் திருகும் வைப்பார். மாதிரி நோயாளியைக் கற்கிறதா, மருத்துவரின் பழக்கத்தைக் கற்கிறதா என்று பிரித்துச் சொல்வது சுலபமல்ல.

நல்லபடியாக நடந்த ஒன்றும் உண்டு. புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியவர்களில், அறுவை சிகிச்சைக்குப் பின் 90 நாட்களும் ஓராண்டும் தாண்டுவோர் யார் என்று கணிக்கும் எஸ்.ஓ.ஆர்.ஜி. மாதிரிகளை மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு 2019இல் வெளியிட்டது. கேள்வி சற்றே வேறு, சிக்கலல்ல, ஆயுள். ஆனால் அவர்கள் அதைப் பொதுவில் வைத்தார்கள். தைவான் உட்பட வேறு இடங்களில் வேறு ஆட்கள் எடுத்துச் சோதித்தார்கள். யாருக்கு ஆபத்து அதிகம் என்று வரிசைப்படுத்தும் திறன் அங்கேயும் ஓரளவு தாக்குப்பிடித்தது. இப்படி ஊர் ஊராகப் போய் அடிவாங்கி வந்த மாதிரிகள் கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன. மாதிரியை எப்படி உருவாக்கினோம், எங்கே சோதித்தோம் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுத டிரைபாட் என்ற வழிகாட்டி 2015இலேயே வந்துவிட்டது, செயற்கை நுண்ணறிவுக்கென 2024இல் அது புதுப்பிக்கவும் பட்டது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், மருத்துவக் கருவியாக வரும் செயற்கை நுண்ணறிவில் பெரும்பாலானவற்றை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது.

எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது

எண் வந்ததும் எல்லோரும் கேட்பது: எதனால் இவ்வளவு? இதற்கு 2017இல் வந்த ஷாப் என்ற உத்தி பெரிதும் பயன்படுகிறது. இந்த நோயாளியின் 12 சதவீதத்தில் வயதின் பங்கு இவ்வளவு, அல்புமினின் பங்கு இவ்வளவு என்று வண்ணப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும். பார்க்க அழகு. ஆனால் அது மாதிரியின் மனதைக் காட்டுகிறதே தவிர நோயின் காரணத்தைக் காட்டவில்லை. அல்புமின் குறைவு என்பது உள்ளே இருக்கும் ஏதோ நாள்பட்ட நோயின் அறிகுறியாக இருக்கலாம்; புரதம் சாப்பிட்டு அந்த எண்ணை மட்டும் ஏற்றினால் ஆபத்தும் அதே அளவு இறங்கும் என்று பட்டையில் எங்கும் எழுதியில்லை.

இதற்கு இத்துறையில் ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. ரிச் கருவானாவும் சகாக்களும் 2015இல் எழுதியது. நிமோனியாவோடு வருகிறவர்களில் யார் இறக்கக்கூடும் என்று 1990களில் கணித்தபோது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து குறைவு என்று ஒரு மாதிரி கற்றுக்கொண்டது. தரவில் அது உண்மையும்கூட. ஆஸ்துமா என்று தெரிந்ததுமே அவர்களை நேராகத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய் விழுந்து விழுந்து கவனித்ததால்தான் அவர்கள் பிழைத்தார்கள். மாதிரியின் பேச்சைக் கேட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால்? முதுகெலும்புக் கணிப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டால் இதே சுழல் காத்திருக்கிறது. மாதிரி எச்சரிக்கும், கவனிப்பு கூடும், தொற்று குறையும், அந்தத் தரவில் மறுபடி பயிற்சி கொடுத்தால் 'இவர்களுக்கு ஆபத்து இல்லை' என்று அது கற்றுக்கொள்ளும்.

இன்னொரு பயம், ஆபத்து அதிகம் என்று காட்டும் எண்ணே ஆளைத் திருப்பியனுப்பும் சாக்காக மாறிவிடுவது. வயதுவந்தவர்களின் முதுகு வளைவுக்கு அறுவை சிகிச்சை செய்ததை வயதுவாரியாகப் பார்த்த ஓர் ஆய்வு 2011இல் வந்தது. சிறியது, பெரியது எல்லாம் சேர்த்து, சிக்கல் வந்தவர்கள் 25 முதல் 44 வயதுவரை 17 சதவீதம், 45 முதல் 64 வரை 42, அதற்கு மேல் 85 வரை 71. இந்த மூன்று எண்களை மட்டும் பார்த்தால் முதியவர்கள் பக்கமே போகக்கூடாது என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டு வருடம் கழித்து வலியிலும் முடக்கத்திலும் மிக அதிகமாகத் தேறியவர்கள் அந்த முதியவர்களேதான். வலி பொறுக்காமல் வருகிறவர், சிக்கல் வருமா என்று மட்டும் கேட்கவில்லை. என்னால் மறுபடி நடக்க முடியுமா என்றும் கேட்கிறார். ஸ்வீடனின் ஸ்வெஸ்பைன் என்ற தேசியப் பதிவேடு 1990களிலிருந்தே இதை நோயாளிகளிடம் நேராகக் கேட்டுச் சேர்த்துவருகிறது. அந்தத் தரவிலிருந்து எவ்வளவு பலன் கிடைக்கும் என்று கணிக்கும் கருவியும் அங்கே இருக்கிறது. சிக்கலின் எண்ணும் பலனின் எண்ணும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி போகும்.

அந்த 67 வயதுக்காரரிடம் திரும்புவோம். டாக்டர் அவரிடம் மூன்று விஷயம் சொல்கிறார்: சிகரெட்டை விடுங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், எலும்பின் அடர்த்தியைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் தேதி குறிப்போம். நரம்பு அழுத்தம் அவசரப்படுத்தும் நிலையில் இல்லை என்பதால் இதற்கு அவகாசம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து வருகிறார். சிகரெட்டை விட்டுவிட்டார். எச்.பி.ஏ.1சி 9லிருந்து 7க்கு இறங்கியிருக்கிறது. எலும்புக்கு மருந்து ஆரம்பித்தாயிற்று. ஆர்வத்தோடு அவரே சொல்கிறார், "இப்ப போட்டுப் பாருங்க டாக்டர்."

டாக்டர் பெட்டிகளை மறுபடி நிரப்புகிறார். வயது 67. சர்க்கரை: மாத்திரை. கடந்த ஓராண்டுக்குள் புகைத்ததுண்டா: ஆம். எலும்பு அடர்த்திக்குப் பெட்டியே இல்லை. திரையின் அடியில் எண் வந்து நிற்கிறது. 12 சதவீதம். டாக்டர் சிரித்துவிட்டு, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, தேதி குறிக்க டைரியைத் திறக்கிறார்.